கறுத்த பழம் கெட்ட பழமல்ல



வாழை போட்ட வீடுகளில் வழக்கமாக நடக்கிற காரியம் இது. நல்ல தார்களை வியாபாரி ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அடிபட்ட சீப்பும், காற்றில் சாய்ந்த மரத்துத் தாரும் நம் திண்ணைக்கு வந்து சேரும். இரண்டு நாள் பிள்ளைகள் தின்பார்கள். பிறகு தோல் கறுத்துவிடும். "கெட்டுப்போச்சு, மாட்டுக்குப் போடு" என்கிறோம். ஒரு வருஷம் தண்ணீர் பாய்ச்சி, முட்டுக் கொடுத்து வளர்த்த பழமாச்சே!

தோல் கறுத்தால் பழம் கெட்டதென்று அர்த்தமில்லை. காயிலிருந்த மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிட்டது, அவ்வளவுதான். வாழைப்பழ ரொட்டிக்கு அதுதான் சரியான பதம். பூசணம் பிடித்ததும், சாராய வாடை அடிப்பதும் மட்டும் எருக்குழிக்குப் போகட்டும்.

இந்த ரொட்டி 1930-களில் அமெரிக்கக் குடும்பங்களில் பரவியது. ஈஸ்ட் வேண்டாம், மாவு பொங்கக் காத்திருக்கவும் வேண்டாம்.

தேவையானவை: தோலுரித்த பழம் 300 கிராம், மைதா 200 கிராம், பொடித்த வெல்லம் 125 கிராம், கடலை எண்ணெய் 75 மில்லி, தயிர் 4 மேசைக்கரண்டி, சமையல் சோடா தலைதட்டி 1 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலப்பொடி. பாதி மைதாவுக்குப் பதில் கோதுமை மாவும் சேர்க்கலாம். பூவன், கற்பூரவல்லி, பச்சை வாழை எதுவானாலும் சரி.

முதலில் ஒரு கனமான பழைய இரும்புச் சட்டியில் இரண்டு விரல் உயரம் கல் உப்பைப் பரப்பி, மூடிபோட்டுப் பத்து நிமிஷம் மிதமான தீயில் காய வையுங்கள். பிரஷர் குக்கரைத் தண்ணீரில்லாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள், பாழாகிவிடும்.

அதற்குள் பழத்தை மசித்து வெல்லம், எண்ணெய், தயிர் சேர்த்துக் கலக்குங்கள். மாவு, சோடா, உப்பு, ஏலப்பொடி நான்கையும் சேர்த்துச் சலித்து அதில் கொட்டுங்கள்.

இங்கேதான் கவனம் வேண்டும். முதல் தடவை நான் சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைந்தேன். வந்தது ரொட்டியல்ல, செங்கல்! மாவைப் பிசையப் பிசைய அதற்கு இழுவை கூடும், ரொட்டி ரப்பராகிவிடும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கிளறினால் போதும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும்.

தயிரின் புளிப்பு பட்டதுமே சோடா பொங்க ஆரம்பிக்கும். அந்தக் குமிழிகள்தான் ரொட்டியை உப்ப வைக்கின்றன. ஆகவே கலந்த மாவை ஆறப்போடாமல், எண்ணெய் தடவிய பாத்திரத்தில் முக்கால் அளவுக்குக் குறைவாக ஊற்றி, சட்டிக்குள் ஒரு இரும்பு வளையத்தின் மேல் வைத்து மூடுங்கள். தீ சிறியதாக இருக்கட்டும். நாற்பது நிமிஷம் மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் நடுவில் அமுங்கிவிடும். பிறகு ஒரு ஈர்க்கைக் குத்திப் பாருங்கள். ஈரமாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் பத்து, பதினைந்து நிமிஷம் விடுங்கள். நன்றாக ஆறிய பிறகே வில்லை போடுங்கள்.

"இத்தனை ஈரமா இருக்கே, வேகலையோ?" என்று மாமியார் கேட்கலாம். பழத்தின் ஈரம்தான் அது. அதனாலேயே நம் ஊர் வெயிலில் இரண்டு நாளைக்கு மேல் வைக்காதீர்கள்.

அடுத்த முறை திண்ணையில் சீப்பு கறுத்தால், மாட்டுத் தொழுவத்தைப் பார்க்காமல் அடுப்பங்கரையைப் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு அதுவே பலகாரம்.