ஊமைத்துரைக்குப் பாடிய ஒப்பாரி



2015 மே மாதம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஆபிரகாம் லிங்கனுக்கு மறுபடி இறுதி ஊர்வலம் நடந்தது. 1865இல் நடந்ததைக் குதிரை பூட்டிய சவ வண்டி, போர்க்காலச் சீருடை, துக்க உடை சகிதம் நடத்திக் காட்டினார்கள். செத்தவருக்கு இரண்டாம் தடவை எடுப்பா என்று சிரிக்க வேண்டாம். நாமும் வெள்ளைக்காரரை எதிர்த்த பாளையக்காரர் கட்டபொம்மனை மேடை மேடையாகத் தூக்கில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அவருக்குப் பிறகு அவர் தம்பி நடத்திய போரில் நடித்துக்காட்ட வேண்டிய இழவு வீடு ஒன்று உண்டு. நான் பார்த்த நாடகம் எதிலும் அது வந்ததில்லை.

1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்து கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை எழுப்பினார். மார்ச்சில் கிழக்கிந்தியக் கும்பெனிப் படை மோதித் தோற்றது; மே 24இல் கோட்டை விழுந்தது. அங்கே போரிட்ட வெள்ளைக்கார அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், பிற்பாடு நடந்ததை 1830இல் அச்சான தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

உறவினரின் உடலைத் தேடிப் பெண்கள் களத்துக்கு வந்தார்கள். ஒருத்தி தன் மகனைக் குற்றுயிராகக் கண்டாள். அவனோ தன்னை விட்டுவிட்டு, பக்கத்தில் காயப்பட்டுக் கிடக்கும் 'சாமி'யைக் காப்பாற்றச் சொன்னான். சாமி என்றது ஊமைத்துரையை. பெண்கள் அவரை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். கும்பெனியோடு சேர்ந்திருந்த எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்ததும், பெண்கள் அவர் உடம்பைத் துணியால் மூடி ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். அம்மை கண்டு ஒரு பையன் செத்துப்போனான் என்றார்கள். வந்தவர்கள் ஓடியே போனார்கள்.

ஓட மாட்டார்களா? அம்மைத் தடுப்பூசி பம்பாய்க்கே 1802இல்தான் வந்தது. மாரியம்மன் இறங்கிய வீட்டு வாசலில் வேப்பிலையைப் பார்த்தாலே அந்நியர் உள்ளே வராத காலம். அந்தத் துணியை யார் விலக்குவார்? அந்தத் தாய்க்கு நடிக்கவும் வேண்டியிருந்திருக்காது என்பது என் ஊகம். களத்தில் கிடந்த தன் மகனுக்குத்தான் அவள் அழுதிருப்பாள். வேறு பெயரை வைத்து அழுதாள், அவ்வளவுதான். பிழைத்த ஊமைத்துரை சிவகங்கையின் மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அவரைப் பிடித்து, அதே ஆண்டு நவம்பரில் தூக்கிலிட்டார்கள்.

இதை ஏன் சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் சொல்கிறேன்? பக்கத்திலிருக்கும் சாங்கி கடற்கரையில் 1942 பிப்ரவரி 20 அன்று ஊரைப் பிடித்த ஜப்பானியர் 66 சீன ஆண்களைத் தண்ணீரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அவர்கள் சீனர்களை இப்படிக் கொன்று குவித்த சூக் சிங் படுகொலையில் எத்தனையோ சீனக் குடும்பங்களுக்கு அழுவதற்கு உடலே கிடைக்கவில்லை. 1962இல் சிக்லாப்பில் செத்தவர்களின் எலும்புகள் அகப்பட்ட பிறகே தோண்டத் தொடங்கினார்கள். பீச் ரோட்டுப் போர் நினைவுச்சின்னத்தின் அடியில் அந்த எலும்புகள் வைத்த 606 தாழிகள் இருக்கின்றன. எது யாருடையது என்று எந்தத் தாய்க்கும் தெரியாது.

இன்று உடல் இருக்கிறது, ஒப்பாரிதான் குறைந்துவிட்டது. இங்கே அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நடக்கும் நம் சாவு வீடுகளில் இப்போது ஒலிபெருக்கியில் சிவபுராணம் ஓடுகிறது. குறை சொல்லவில்லை, மேல்மாடியில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் மாரடித்துப் பாடத் தெரிந்தவர்கள் அருகிவிட்டார்கள்.

நாடகம் போடும் இளையர்களே, ஊமைத்துரையைக் காத்த அந்த இழவு வீட்டுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டயபுரத்து ஆட்கள் வாசலோடு நிற்கட்டும். அவர்களுக்கு வசனம் வேண்டாம். ஊமைத்துரை முகம் தெரியவே கூடாது. ஒத்திகைக்கு ஒரு பாட்டியை அழைத்து வாருங்கள்; எந்த இடத்தில் மூச்சை விடுவது, எந்த இடத்தில் அடுத்தவள் பாட்டை வாங்குவது என்பதை அவர்தான் காட்டித்தர முடியும்.