பண்டிகைக் காலத்தில் ஒரு காணிக்கை



ஈஸ்டரை ஆசரித்தோம். இனி நம் இல்லங்களில் திருமணங்கள், ஞானஸ்நானங்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி. இந்தச் சந்தோஷங்களுக்காகத் தேவனை ஸ்தோத்திரிப்போம்.

இதே மாதங்களில்தான் நம் மருத்துவமனையின் இரத்த வங்கியில் இருப்பு குறைகிறது. கல்லூரி விடுமுறையில், இரத்தம் கொடுக்கும் வாலிபர் ஊருக்குப் போய்விடுகிறார்கள். தலசீமியா நோயுள்ள பிள்ளைகளுக்கோ விடுமுறை இல்லை. 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியாக வேண்டும். சிவப்பணுக்களை 42 நாட்களுக்கு மேல் சேமித்து வைக்கவும் முடியாது.

ஆகவே, உறவினர் கூடிவரும் நாட்களில், 18 வயது நிரம்பிய, 45 கிலோவுக்குக் குறையாத, ஆரோக்கியமுள்ளவர்கள் இரத்ததானம் செய்ய முன்வாருங்கள். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறையும், பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். உங்கள் வீட்டு வைபவம் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் ஜீவன் தரட்டும். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.