ஆறாம் வேற்றுமையும் ஒரு மண் மேற்சட்டையும்



‘சாத்தனது கை’, ‘சாத்தனது வீடு’ என்னும் இரண்டும் நம் வகுப்பறைகளில் நெடுங்காலம் பழகிய எடுத்துக்காட்டுகள். கை அவனிலிருந்து பிரிக்கவியலாதது, ஆகவே தற்கிழமை. வீடு அவனின் வேறானது, ஆகவே பிறிதின்கிழமை. இவற்றிடையே உள்ள எல்லைக்கோடு எப்போதும் இவ்வளவு தெளிவானதா என்னும் ஐயத்தை எனக்கு எழுப்பியவர் இலக்கண ஆசிரியர் அல்லர். கனடாவில் பிறந்த சுடுமண் சிற்பி மெரிலின் லெவைன் (1935–2005).

அவர் வேதியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். கணவரின் பணி காரணமாக 1961இல் ரெஜைனா நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே தம் துறையில் வேலை அமையாமற்போகவே மட்கலை வகுப்பில் சேர்ந்தார். பின்னர்க் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பயின்றார். பழைய தோற்பெட்டி, கைப்பை, காலணி, மேற்சட்டை ஆகியவற்றையே மண்ணில் படைத்தார்.

களிமண்ணை மெல்லிய தகடாக்கித் தோலைப்போல் மடித்துத் தொங்கவிட முயன்றால், அது தன் எடையைத் தானே தாங்காமல் கிழியும். லெவைன் மண்ணோடு நைலான் இழைத்துணுக்குகளைக் கலந்தார். இழைகள் மண்ணைப் பிணைத்துக்கொண்டமையால், தோல்வினைஞர் தோலை வெட்டி இணைப்பதுபோல் அவர் மண்தகட்டை வெட்டி இணைக்க முடிந்தது. சூளையில் இழைகள் எரிந்துபோகும்; வடிவம் நிற்கும். வேதியியல் வீண்போகவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. உலர்ந்து சுடப்படும்போது இத்தகைய மண் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அசலின் அளவு வேண்டுமெனில் அசலினும் பெரிதாகச் செய்யவேண்டும். முடிவில் கண்முன் இருப்பது தோலே என்று நம்புவோம். தட்டிப் பார்த்தால்தான் மண்ணென்று தெரியும். அருங்காட்சியகக் காவலர் அதற்கு இடங்கொடார்!

இது வெறும் கண்கட்டு வித்தைதானே என்று கேட்பாருளர். கண்ணை ஏமாற்றுவது மட்டுமே நோக்கமாயின், கடையில் வாங்கிய புதுப்பை போதுமே. அவரோ வெடித்த விளிம்பையும், தளர்ந்த தையலையும், பிடித்துப் பிடித்து மெருகேறிய கைப்பிடியையும் தேடினார். தோல் ஒருகாலத்தில் ஓர் உயிரைப் போர்த்தியிருந்தது. பிறகும் அது பட்டதை மறப்பதில்லை. அவருடைய படைப்புகளில் ஒன்றன் பெயர் ‘ஜானின் மேற்சட்டை’. அந்த ஜானை நாம் அறியோம். எனினும் ஒரு மேற்சட்டையின் முழங்கையில் விழும் சுருக்கங்கள் அதை அணிந்தவருடைய கை மடங்கிய விதத்தால் விழுந்தவை. மற்றொருவர்க்கு அவ்வாறே விழா. வாங்கிய நாளில் பிறிதின்கிழமையாயிருந்த பொருள், பல்லாண்டு அணிந்தபின் தற்கிழமையை நோக்கி நகர்ந்துவிடுகிறது என்பேன். இலக்கணப்படி இது பிழை. தேர்வில் இவ்வாறு எழுதவேண்டா.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரை வகுப்பில், வீட்டிலுள்ள பழகிய பொருளொன்றை மாணவர் விவரிக்கட்டும். உடையவரின் பெயரோ உறவோ குறிப்பிடலாகாது. ‘பழைய பை’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். எந்தப் பக்கத்து வார் தேய்ந்திருக்கிறது, தைத்த நூல் எந்த நிறம், அடியில் மசிக்கறை எவ்வளவு பரவியிருக்கிறது என்று கேளுங்கள். பிறகு அது யாருடையதாக இருக்கும் என்று மற்ற மாணவர்கள் சொல்லட்டும்.