யோகநூலும் ‘நான்’ என்னும் எண்ணமும்



நாள்தோறும் நாம் மிகுதியாக வழங்கும் சொற்களுள் ஒன்று ‘நான்’ என்பது. நான் படித்தேன், நான் வென்றேன், நான் தோற்றேன் என்று காலை முதல் இரவு வரை சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஆயினும், அச்சொல் எதனைச் சுட்டுகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. உடம்பையா? உள்ளத்தையா? ஊரார் நம்மைப் பற்றிக் கொண்டுள்ள கருத்தையா? பதஞ்சலி முனிவரின் யோகசூத்திரம் இவ்வினாவை ஆழ்ந்து ஆராய்ந்த நூல். அவ்வாராய்ச்சி இன்றைய இளைஞருக்கு எவ்வாறு பயன்படும் என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

யோகம் என்றவுடன் பலருக்கும் ஆசனங்களே நினைவுக்கு வருகின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2014ஆம் ஆண்டில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21ஆம் நாள் பன்னாட்டு யோகா நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மாணவர்கள் வரிசையாக அமர்ந்து ஆசனம் பயில்கின்றனர். உடல்நலத்திற்கு அது நல்லதே. ஆனால், 195 சூத்திரங்கள் கொண்ட அந்நூலில் (சில பதிப்புகளில் 196) ஆசனத்தைப் பற்றிப் பேசுவன மூன்றே மூன்று. அமரும் நிலை உறுதியாகவும் இன்பமாகவும் இருத்தல் வேண்டும் என்பதே அங்குக் கூறப்படும் தலைமையான செய்தி. நூலின் பெரும்பகுதி மனத்தைப் பற்றியது.

மனிதனை வருத்தும் துன்பங்களுக்கு வேர் ஐந்து என்று அந்நூலின் இரண்டாம் பாதம் வகுத்துரைக்கிறது. அவித்தை, அஸ்மிதை, ராகம், துவேஷம், அபிநிவேசம் என்பன அவை. அவற்றை முறையே அறியாமை, ‘நான்’ என்னும் எண்ணம், விருப்பு, வெறுப்பு, உயிர்மேற் கொண்ட பற்று எனத் தமிழில் கூறலாம். அறியாமையே மற்ற நான்கும் விளையும் நிலம். அந்நிலத்தில் விளைவனவற்றுள் முதலாவதாக வைத்து எண்ணப்படுவது அஸ்மிதை.

இச்சொல்லின் அமைப்பே சுவையானது. வடமொழியில் ‘அஸ்மி’ என்பதற்கு ‘இருக்கிறேன்’ என்று பொருள். ‘தா’ என்பது பண்பை உணர்த்தும் ஈறு. எனவே, ‘இருக்கிறேன் என்னும் தன்மை’ என்பதே அஸ்மிதை. செருக்கு என்றோ தற்பெருமை என்றோ அச்சொல்லுக்கு நேர்ப்பொருள் இல்லை என்பதை நீங்கள் கருத்தில் கொள்ளவேண்டும். காண்பவன் வேறு, காண்பதற்கு உதவும் கருவியாகிய மனம் வேறு. இவ்விரண்டும் ஒன்றே எனத் தோன்றும் மயக்கத்திற்குத்தான் பதஞ்சலி முனிவர் அஸ்மிதை என்று பெயரிட்டார்.

சாங்கிய நூலார் எடுத்தாளும் உவமை ஒன்றைக் கேளுங்கள். தூய பளிங்கு ஒன்றின் அருகே செம்பருத்தி மலரை வைத்தால் பளிங்கே சிவந்துவிட்டது போலத் தோன்றும். மலரை அகற்றினால் பளிங்கு முன்போலவே தெளிந்து விளங்கும். சிவப்பு மலருக்கு உரியதே அன்றிப் பளிங்கிற்கு உரியதன்று. அவ்வாறே மகிழ்ச்சியும் சோர்வும் புகழும் பழியும் மனத்தில் எழும் நிறங்கள். அவற்றைக் காண்பவன் அவற்றின் நிறத்தைத் தன் நிறமாகக் கொள்வதே மயக்கம்.

இதனைப் பள்ளி வாழ்வில் வைத்துப் பார்ப்போம். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஆண்டுதோறும் இருவகை மாணவரைக் கண்டிருக்கிறேன். நிறைய மதிப்பெண் பெற்றவன் நிமிர்ந்து நடப்பான். நேற்றுவரை உடன் விளையாடியவனை இன்று பாரான். குறைந்த மதிப்பெண் பெற்றவனோ சுவரோரம் ஒதுங்கி, தான் எதற்கும் பயன்படாதவன் என்று குமைவான். முன்னவனை அகந்தை உடையவன் என்கிறோம். பின்னவனை அடக்கமுடையவன் என்று பாராட்டவும் செய்கிறோம். யோகநூலின் நோக்கில் இருவரும் ஒரே மயக்கத்தில் இருப்பவர்களே. ஒருவன் ‘நான் இந்த உயர்ந்த எண்’ என்கிறான். மற்றவன் ‘நான் இந்தத் தாழ்ந்த எண்’ என்கிறான். தன்னைப் புகழ்வது மட்டுமன்று, தன்னைத் தானே இகழ்ந்துகொண்டிருப்பதும் ‘நான்’ என்னும் வட்டத்திற்குள்ளேயே சுழல்வதாகும். இன்றைய மாணவர் உள்ளங்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் வில்லியம் ஜேம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞரின் உளநூற் கருத்துகளைப் பயின்றோம். அவர் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட உளவியல் நூலில் தன்மதிப்பை ஒரு பின்னமாக அமைத்துக் காட்டினார். நாம் பெற்ற வெற்றி அதன் தொகுதி. நாம் ஆசைப்பட்ட அளவு அதன் பகுதி. வெற்றியைப் பெருக்கினாலும் தன்மதிப்பு உயரும். ஆசையைச் சுருக்கினாலும் உயரும். மிக நுட்பமான கணக்கு இது. பதஞ்சலி முனிவர் இதற்கும் ஒருபடி மேலே செல்கிறார். பின்னத்தின் விடை எதுவாயினும், அவ்விடையைக் காண்பவன் அவ்விடை அல்லன் என்பதே யோகநூலின் முடிபு.

இக்காலத்தில் அப்பின்னம் கைப்பேசியில் ஏறிவிட்டது. தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்வதைக் குறிக்கும் ‘செல்ஃபி’ என்னும் சொல்லை ஆக்ஸ்போர்டு அகராதியார் 2013ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தனர். ஃபேஸ்புக் நிறுவனம் 2009ஆம் ஆண்டிலேயே ‘லைக்’ என்னும் விருப்பக் குறியை அமைத்துவிட்டது. படம் எடுப்பதில் குற்றமில்லை. நண்பர்க்கு அனுப்புவதிலும் குற்றமில்லை. அனுப்பிய பின் எத்தனை பேர் விரும்பினர் என்று பத்து நிமிடத்திற்கு ஒருமுறை எண்ணிப் பார்க்கும்போதுதான் இடர் தொடங்குகிறது. எண் ஏறினால் மகிழ்ச்சி, ஏறாவிட்டால் வாட்டம். பளிங்கு தன் நிறத்தை அறிய ஊரிலுள்ள மலர்களையெல்லாம் கேட்டுத் திரிவது போன்றது இது. ஆசனம் செய்வோரும் அதனைப் படமெடுத்துப் பிறர் பாராட்டுக்குக் காத்திருந்தால், ‘நான்’ என்னும் மயக்கத்தைத் தணிக்க வந்த மருந்தே அதற்கு உணவாகிவிடும். யோகத்தால் அரிய ஆற்றல்கள் கைகூடினும் அவை சமாதிக்கு இடையூறே என்று அந்நூலின் மூன்றாம் பாதம் எச்சரித்திருப்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அவ்வாறாயின், ‘நான்’ என்பதை அடியோடு அழித்துவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். உலக வாழ்வுக்கு அவ்வுணர்வு வேண்டும். சாங்கியர் 25 தத்துவங்களுள் ஒன்றாக அகங்காரத்தை வைத்தெண்ணினர். இது என் கடமை, இப்பிழைக்கு நான் பொறுப்பு என்று உணர்வதற்கு அது கருவியாகிறது. பணியாளாக இருக்கவேண்டிய அது தலைவனாக அமர்ந்துவிடுதலே தவறு. தமிழ்நாட்டுச் சைவ சித்தாந்திகள் ஆணவம் என்று கூறுவதும் வெறும் செருக்கன்று. செம்பில் களிம்பு போல உயிரைத் தொன்றுதொட்டு மறைத்து நிற்கும் இருளையே அவர்கள் அப்பெயரால் குறித்தனர். இரு நெறிகளுக்கும் கொள்கையில் வேறுபாடு உண்டு. ஆயினும், உயிர் தன் உண்மை நிலையை அறியாதிருத்தலே துன்பத்தின் வேர் என்பதில் அவை நெருங்கி வருகின்றன.

இனி, மாணவர் கைக்கொள்ளத்தக்க வழிகள் யாவை? மூன்றினைக் கூறுவேன்.

முதலாவது, சொல்லைத் திருத்துதல். ‘நான் தோல்வி’ என்று எண்ணாதீர்கள். ‘இத்தேர்வில் தோற்றேன்’ என்று எண்ணுங்கள். முன்னது உங்களையே குறிப்பது. பின்னது ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பது. நிகழ்ச்சியை மாற்றலாம். மறுபடி படிக்கலாம், மறுபடி எழுதலாம்.

இரண்டாவது, பிறரைப் பார்க்கும் பார்வையைப் பண்படுத்துதல். இன்புற்றிருப்பவரிடம் நட்பும், துன்புறுபவரிடம் இரக்கமும், நல்லாரிடம் மகிழ்ச்சியும், தீயவரிடம் விலகி நிற்கும் அமைதியும் கொண்டால் மனம் தெளியும் என்று முதற்பாதம் கூறுகிறது. உங்கள் வகுப்பில் முதலிடம் பெற்றவனிடம் சென்று மனமார வாழ்த்திப் பாருங்கள். முதலில் அரிதாக இருக்கும். பழகப் பழக உள்ளத்தின் பாரம் குறைவதை நீங்களே உணர்வீர்கள்.

மூன்றாவது, ஒன்றில் மனத்தை நிறுத்துதல். இதனைத் தாரணை என்பர். கடினமான வடிவகணிதக் கணக்கு ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது, ‘நான் எப்படித் தோன்றுகிறேன்’ என்ற கவலை எங்கே போயிற்று? படிப்பிலும் விளையாட்டிலும் இசையிலும் கருத்தை ஒன்றச் செய்தால் ‘நான்’ என்னும் ஆரவாரம் தானே அடங்கும். அவ்வேளையில் கைப்பேசி வேறோர் அறையில் இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மனச்சோர்வு நாள்கணக்கில் நீடித்தால், அதனைத் தன்னுள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு தியானத்தால் தீர்த்துவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். பெற்றோரிடம், ஆசிரியரிடம், வேண்டுமாயின் மருத்துவரிடம் வாய்திறந்து பேசுங்கள். உதவி கேட்பது தாழ்வு என்று தடுப்பதும் அந்த ‘நான்’ என்னும் எண்ணமே.

மதிப்பெண் வரும், போகும். புகழ் ஏறும், இறங்கும். இவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்கள் இவற்றினும் பெரியவர்கள். இவ்வுண்மையை நெஞ்சில் நிறுத்தி உழைப்பவர்க்கு வெற்றியில் தலைக்கனம் இராது. தோல்வியில் தளர்ச்சியும் இராது.