கடையில் ஒரு கதிரை



புடைவைக் கடையில் நாம் அமர்ந்திருந்து சேலை பார்க்கிறோம். எடுத்துக்காட்டும் பெண்ணோ நாள்முழுதும் நிற்கிறாள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். அசையாது நின்றால் அது காலிலேயே தேங்கும். வீக்கம் காணும், நாளங்கள் புடைக்கும். கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடை ஊழியர்க்கு இருக்கை அளிக்கச் சட்டந் திருத்தின. வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போது அமர்வதற்கே அது. ஆயினும், கதிரையை வைத்துவிட்டு, அமர்ந்தவளை முதலாளி முறைத்தால் சட்டம் என்செய்யும்? இருந்தபடி பேசினால் மரியாதையில்லை எனும் வாடிக்கையாளரும் உளர். மரியாதை முழங்காலிலா இருக்கிறது?

இச்சபையிலே கடை முதலாளிமார் பலர் இருக்கிறீர்கள். தீபாவளி வியாபாரம் தொடங்குமுன் ஒரு வாங்காவது போடுங்கள் என்று இளைஞராகிய நாங்கள் கேட்கிறோம்.