கல்பாசி பார்த்த காற்று

செட்டிநாட்டுக் குழம்பு தாளிக்கும்போது கல்பாசி போடுகிறோமே, காய்ந்த சருகு மாதிரி கறுத்துச் சுருண்டு இருக்குமே, அது என்ன? பூவா? பட்டையா?

இரண்டும் இல்லை. அது லைக்கன். சரியாகச் சொன்னால் செடியே இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் நடத்தும் கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கொடுக்கும். பாசி சமைத்துப் போடும்.

இதற்கு வேர் கிடையாது. நீரும் சத்தும் பெரும்பாலும் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான். காற்றில் கந்தகப் புகை இருந்தால் அதையும் சேர்த்துக் குடித்துவிடும். சமைக்கிற பாசி வெளுத்துப்போகும். அப்புறம் குடித்தனம் ஏது?

1866-இல் பாரிஸில் நைலாண்டர் என்ற தாவரவியலாளர் இதைக் கவனித்தார். நகரத்தின் மற்ற இடங்களில் இல்லாத லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்கா மரங்களில் இருந்தன. அங்கே காற்று சுத்தம் என்றார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் புகை அங்கேயும் வந்தது. லைக்கன் போய்விட்டது.

கொடைக்கானல் போனால் மரத்தைப் பாருங்கள். லைக்கன் தாடி மாதிரி தொங்கினால் காற்று நல்ல காற்று. தாடிதான் புகைக்கு ரொம்பப் பயந்தது. திரும்பி வந்து, பஸ் ஸ்டாண்டு மரத்தையும் ஒரு தடவை பாருங்கள். பட்டையோடு ஒட்டிய திட்டாவது இருக்கிறதா என்று.