கழற்றி மாட்டிய வீடுகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். பந்திக்கு இலை போடுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருப்பது பலருக்குத் தெரியும். ஸ்கூல் டூரில் போய்ப் பானை செய்து பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள். 1996 டிசம்பரில் திறந்தார்கள். வளாகத்தை வடிவமைத்ததில் லாரி பேக்கருக்குப் பெரிய பங்கு உண்டு. நெசவாளர் வீடு, குயவர் வீடு, விவசாயி வீடு, செட்டிநாட்டு வீடு, கேரளத்து மர வீடு என்று வரிசையாக நிற்கின்றன. சினிமா செட்டிங் இல்லை. பல வீடுகள் ஊரில் நிஜமாகவே நின்றவை. விலைக்கு வாங்கி, பிரித்து, கொண்டுவந்து, அந்தந்த வட்டாரத்து ஆசாரிகளையும் கொத்தனார்களையும் வைத்தே மறுபடி எழுப்பினார்கள்.

சிவில் படித்தவனுக்கு வேறென்ன தோன்றும்? எப்படிப் பிரித்தார்கள் என்றுதான். மர வீட்டில் பொருத்து எல்லாம் கழுந்தும் துளையும். முளையைத் தட்டினால் கழன்று வரும். சுண்ணாம்புக் காரை செங்கல்லைவிட மெத்தென்றது. அதனால் சுவரைப் பிரித்தால் கல் முழுசாக வரும். சிமெண்ட் கலவையில் கட்டியதைப் பிரித்துப் பாருங்கள், கலவை விடாது, கல்தான் உடையும். கான்கிரீட் வீட்டுக்கோ பிரேக்கர்தான் கதி. சிமெண்ட்டைக் குறை சொல்லவில்லை, எனக்குச் சோறு போடுவதே அதுதான்! ஆனால் கழற்றி மாட்டுகிற மாதிரி கட்டுவது என்று ஒரு கலை இருந்ததை நான்கு வருடத்தில் ஒரு வகுப்பிலும் நாம் கேட்டதில்லை.

போன வருடம் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். திண்ணையில் உட்கார்ந்து தூணைத் தடவிப் பார்த்தார்கள். அப்புறம் சொன்னார்கள்: “எல்லாம் சரிடா, அடுப்புப் புகை வாசனையே இல்லையே.” வீட்டைக் கொண்டுவரலாம், புழக்கத்தைக் கொண்டுவர முடியாது. திரும்பி வரும்போது கார் முழுக்கக் குதிரைப் பற்றித்தான் பேச்சு. ஓடுகிற குதிரை இல்லை, நெல் கொட்டும் குதிர்! மேல்வாய் வழியாகக் கொட்டி, அடியில் உள்ள துளை வழியாக எடுப்பார்கள். முதலில் போட்டது முதலில் வெளியே வரும். இதையே நான் ஸ்டோர்ஸ் மேனேஜ்மென்ட் என்று காசு கட்டிப் படித்தேன்.

அந்தக் குதிர் கும்பகோணம் பக்கத்தில் எங்கள் தாத்தா வீட்டில் இன்னும் இருக்கிறது. பனஞ்சட்டம், நாட்டு ஓடு, நடுவில் முற்றம். பங்காளிகள் எல்லாரும் வீட்டை இடித்துவிட முடிவு செய்துவிட்டார்கள். மழை ஒழுகுகிறது, குடியிருக்க ஆளில்லை, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இடிப்பதற்கு எஸ்டிமேட் போடும் வேலை, இன்ஜினியர் என்பதால், என் தலையில். பொங்கல் வரை தவணை வாங்கியிருக்கிறேன்.

மூன்றாம் வருட சிவில் தம்பி தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். அரையாண்டு லீவில் நாலைந்து பேர் வந்தால் வீட்டை முழுசாக அளந்து வரைந்துவிடலாம். ஓட்டைப் பிரிக்கும்போது ஒவ்வொரு சட்டத்துக்கும் எண் போடணும். எங்கே மறுபடி மாட்டுவோம் என்பது இன்னும் முடிவாகவில்லை. கொல்லையில் ஒரு ஷெட் போட்டு அடுக்கி வைக்கலாம் என்று சித்தப்பா மட்டும் சம்மதித்திருக்கிறார். டேப், கிராஃப் தாள், டார்ச் கொண்டுவாருங்கள். பரணில் வௌவால் உண்டு, பயப்படாதவர்களாகப் பார்த்து வாருங்கள். சாப்பாடு அம்மா பொறுப்பு. பெயரை செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.